வீட்டு வாசலில் சமூகப் பணியாளர் வந்து நின்றால்: பெற்றோர் அறிய வேண்டியவை

 

உதவி கேட்டு நம்மிடம் வரும் தாய்மார்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “1098-லேருந்து ஆள் வந்தா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?” இந்த அச்சத்தால் சிலர் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள். சிலர் பிள்ளையை மேலூரிலோ திருமங்கலத்திலோ உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலர் “ஜமாஅத்துலயே பேசி முடிச்சிரலாம்” என்று விஷயத்தை அமுக்கிவிடுகிறார்கள். இந்த மூன்றிலும் கஷ்டப்படுவது பிள்ளைதான்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்துக்குத் தீங்கு வருகிறதோ என்று யாராவது ஐயப்பட்டால் சட்டம் என்ன செய்கிறது, சமூகப் பணியாளர் எதைப் பார்க்கிறார், பெற்றோரின் இடம் எது, உரிமை எது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. யார் வருகிறார்கள், எந்தச் சட்டப்படி வருகிறார்கள்?

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருப்பது இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. இதன்படி 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. வேலைக்கு அனுப்பப்படும் குழந்தை, வீட்டில் துன்புறுத்தப்படும் குழந்தை, கேட்பாரற்றுத் தெருவில் திரியும் குழந்தை, வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்படும் அபாயத்தில் உள்ள குழந்தை, கவனிக்க ஆளில்லாத அல்லது கவனிக்க இயலாத பெற்றோரின் குழந்தை ஆகியோரைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று இச்சட்டம் வகைப்படுத்துகிறது. ‘குற்றம் செய்த பெற்றோரின் குழந்தை’ என்று சட்டம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குழந்தைக்கு என்ன தேவை என்பதே முதல் கேள்வி.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. சமூகப் பணியாளர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் அதில் பணிபுரிகிறார்கள். 1098 உதவி எண்ணுக்கு வரும் தகவலை விசாரிக்க வருபவர்கள் அரசின் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும். குற்றவியல் நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு.

ஆகவே வாசலில் நிற்பவர் தீர்ப்புச் சொல்ல வந்தவர் அல்லர்; விவரம் அறிந்து எழுத வந்தவர். முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள்; பெயரையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான பணியாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். பிறகு உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள்.

2. எதைப் பார்க்கிறார்கள்? ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம்

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நெல்பேட்டைப் பக்கம் வாடகை வீடு. அத்தா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஒரு வருடமாகப் படுக்கையில். அம்மா வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுக்கிறார். மூத்த மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்று, மாலையிலிருந்து நள்ளிரவு வரை புரோட்டாக் கடையில் வேலை செய்கிறான். அவன் கையில் தீக்காயத் தழும்பைப் பார்த்த பழைய ஆசிரியர் 1098-க்குச் சொல்கிறார்.

சமூகப் பணியாளர் வந்ததும் பல கோணங்களில் விவரம் திரட்டுவார்.

முதலாவது, நடந்தது என்ன? காயம் எப்படி ஏற்பட்டது, அடுப்பில் பட்டதா, யாராவது சூடு வைத்தார்களா? பள்ளி எப்போது நின்றது, ஏன் நின்றது? ஒரே தடவை நடந்ததா, தொடர்ந்து நடக்கிறதா?

இரண்டாவது, இன்றிரவு இந்தப் பிள்ளை இந்த வீட்டில் பாதுகாப்பாகத் தூங்க முடியுமா? எந்த விசாரணையிலும் மிக அவசரமான கேள்வி இதுதான். பிள்ளையை வீட்டில் வைத்தே உதவலாமா, தற்காலிகமாக வேறு இடம் தேவையா என்பது இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

மூன்றாவது, இந்தப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடியவர் யார் இருக்கிறார்? அம்மாவா, பக்கத்துத் தெருவில் இருக்கும் நன்னிமாவா, மாமாவா? குறைகளைக் குறித்துக்கொள்வது போலவே குடும்பத்தின் பலத்தையும் பணியாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பிள்ளை என்ன சொல்கிறது? இதைப் பிள்ளையிடம் தனியாகத்தான் கேட்பார். பெற்றோர் பலருக்கு இங்கேதான் மனம் சுருங்குகிறது. “எங்க முன்னாடியே கேளுங்க” என்கிறோம். ஆனால் அத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது. எந்தத் தவறும் நடக்காத வீட்டுக்கும் இந்தத் தனிப்பேச்சு நன்மையே செய்யும். “எங்க அம்மா நல்லாத்தான் பாத்துக்கிறாங்க” என்று பிள்ளை தனியாகச் சொல்லும் வார்த்தைக்கு எடை அதிகம். பெண் பிள்ளையிடம் பெண் பணியாளர் பேசட்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

ஐந்தாவது, வீடு மாற என்ன தேவை? நம் கற்பனைக் குடும்பத்தில் அத்தாவுக்குச் சிகிச்சை தேவை, அம்மாவுக்கு நிலையான வருமானம் தேவை, மகன் மீண்டும் பள்ளிக்குப் போக வழி தேவை.

பள்ளி, அக்கம்பக்கம், மருத்துவர் ஆகியோரிடமும் விசாரித்து, இவை அனைத்தையும் சமூகப் புலனாய்வு அறிக்கையாக எழுதிக் குழுவிடம் தருவார். குழந்தை மீட்கப்பட்டால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன் கொண்டுவர வேண்டும். அறிக்கை 15 நாளில் முடிய வேண்டும். முதன்முதலாகக் குழந்தை குழு முன் வந்ததிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். இவை சட்டம் வகுத்த கால அளவுகள்.

3. ஏழ்மை குற்றமாகாது

“நாங்க ஏழைங்க, அதனாலதான் புள்ளையப் புடுங்குறாங்க” என்ற பேச்சு நம் தெருக்களில் உண்டு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது, விடுதியில் வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பவை நம் நாட்டுச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பளித்தபோதும், விடுதியை மட்டுமே தீர்வாகக் கருதாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று வலியுறுத்தியது.

எனவே நம் கற்பனைக் குடும்பத்தின் விஷயத்தில் குழு என்ன செய்யக்கூடும்? மகனைப் பெற்றோரிடமே ஒப்படைத்து, சமூகப் பணியாளர் அவ்வப்போது வந்து பார்க்க உத்தரவிடலாம். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் பெறப் பரிந்துரைக்கலாம். இதற்கு ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். விதவைத் தாயின் பிள்ளைகள், கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், யதீம்கள், நோயாலோ விபத்தாலோ முடங்கிய பெற்றோரின் பிள்ளைகள் இதற்கு உரியவர்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டமும் 2025 முதல் இருக்கிறது.

14 வயதுக்குக் கீழே உள்ளவரைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி கடைக்காரருக்கு 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. தவறான நிலைமையைச் சரிசெய்யும் வாய்ப்பைச் சட்டம் பெற்றோருக்குத் தருகிறது.

அந்த வீட்டின் வருமானக் குறைவை அரசுத் தொகை மட்டும் ஈடுகட்டாது. மஹல்லாவின் பைத்துல்மாலும் ஜகாத் நிதியும் முன்வர வேண்டிய இடம் இது. பள்ளிக் கட்டணத்தையோ ஆறு மாத வாடகையையோ ஜமாஅத் ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் அந்த அறிக்கையுடன் இருந்தால், பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லக் குழுவுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கிறது.

4. நிகாஹ் தேதி குறித்த பிறகு வந்தால்

நம் சமூகத்தில் மிகுந்த வாக்குவாதம் எழும் இடம் இது. “ஷரீஅத்தில் பருவம் எய்தினால் போதுமே” என்பார்கள். இதே வாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு முன் 2015-இல் வந்தது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும், அது தனியார் சட்டத்துக்கு விரோதமானதல்ல என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதிகாரிகள் இதன்படியே நடப்பார்கள். நிகாஹ்வைத் தாமதிப்பதால் மார்க்கக் கடமை எதுவும் விட்டுப்போவதில்லை என்பதையும் நம் உலமாக்கள் மிம்பரில் எடுத்துச் சொன்னால் பெரிய நன்மை.

மாவட்டச் சமூகநல அலுவலரோ குழந்தைகள் பாதுகாப்பு அலகினரோ வந்தால் முதலில் வயதுச் சான்றைக் கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழ் முதலிடம், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. பிறகு பெண்ணிடம் தனியாகப் பேசுவார்கள். பெற்றோர் நிலைமையைப் புரிந்துகொண்டு, வயது நிறையும் வரை திருமணம் செய்ய மாட்டோம் என்று எழுதிக்கொடுத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பினால், அவள் வீட்டிலேயே இருக்க வழியுண்டு. “நிச்சயதார்த்தம் மட்டும்தான்” என்று பொய் சொல்லி, மண்டபத்தை வேறு ஊருக்கு மாற்றி, இரவோடு இரவாக நடத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் மகளை இல்லத்தில் தங்கவைக்கும் நிலை வருகிறது. பெரும்பாலும் பிரிவை உண்டாக்குவது நம் மறைப்புதான்.

திருமணத்தை நடத்திவைப்பவர், உடந்தையாக இருப்பவர் யாராயினும் 2 வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே வயதுச் சான்றின் நகலைப் பார்க்காமல் நிகாஹ் பதிவேட்டை எடுப்பதில்லை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானம் போடுவது நல்லது.

5. ஜமாஅத்தில் பேசி முடிக்கக் கூடாதது

கணவன் மனைவி பிணக்கையும் பாகப்பிரிவினையையும் ஜமாஅத் பேசித் தீர்க்கலாம். பிள்ளை மீதான பாலியல் தீங்கை அப்படித் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த ஒவ்வொருவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். உறவினரோ உஸ்தாதோ வீட்டு உரிமையாளரோ, யாராக இருந்தாலும் இதில் வேறுபாடு இல்லை. “பிள்ள வாழ்க்கை பாழாயிரும்” என்று மூடி மறைத்தால், அதே ஆளின் கை நாளை இன்னொரு பிள்ளை மீது விழும்.

இத்தகைய வழக்கிலும் பெற்றோரை ஒதுக்கிவைப்பதில்லை. பிள்ளை வாக்குமூலம் தரும்போது பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்கலாம். வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். தீங்கு செய்தவர் என்று ஐயப்படுபவர் அதே வீட்டில் இருந்தால், பணியாளர் எல்லா விவரத்தையும் உடனே வீட்டாரிடம் சொல்ல மாட்டார். அது பெற்றோரை அவமதிப்பதற்காக அல்ல, பிள்ளையின் வாய் அடைக்கப்படாமல் இருப்பதற்காக.

6. விடுதியில் சேர்க்கும் முன்

பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் யதீம்கானாவிலோ விடுதியிலோ சேர்க்கும் பெற்றோர் நம்மிலும் உண்டு. முதலில், அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2021 ஜூனில் நம் மதுரையில் நடந்ததை நினைவுகூர்வோம். ஒரு தனியார் காப்பகத்தில் இருந்த ஒரு வயது ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகவும், தத்தனேரி மயானத்தில் அடக்கம் செய்துவிட்டதாகவும் ஆவணம் காட்டினார்கள். சமூக ஆர்வலர் ஒருவர் ஐயப்பட்டுக் கேட்டதால் விசாரணை நடந்தது. ஆவணம் போலி, குழந்தை உயிருடன் இருந்தது, பிள்ளையில்லாத வேறொரு குடும்பத்துக்குப் பணத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதே காப்பகத்தின் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் அப்படியே மீட்கப்பட்டது. சமூகப் பணியாளர் கேட்கும் கேள்விகள் தொல்லையாகத் தோன்றும்போதெல்லாம், கேள்வி கேட்டதால் உயிரோடு திரும்பி வந்த இந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்வோம்.

பிள்ளையில்லாத உறவுக்காரருக்குப் பிள்ளையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பதும் ஆபத்து. சட்ட நடைமுறைக்கு வெளியே தத்துக் கொடுத்தாலோ பெற்றாலோ 3 வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. உண்மையிலேயே வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவிடம் நேரில் சொல்லலாம். ஒப்படைத்த பின்னும் மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது.

7. பெற்றோரின் உரிமைகள்

எந்தக் காரணத்துக்காக விசாரணை நடக்கிறது என்று கேட்டு அறியலாம். குழு முன் நேரில் பேசலாம்; பள்ளிச் சான்று, மருத்துவச் சீட்டு, ஜமாஅத் கடிதம் ஆகியவற்றைத் தரலாம். புரியாத எதிலும் கையெழுத்திட வேண்டாம்; வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை இல்லத்தில் இருந்தால் சந்திக்க அனுமதி கேளுங்கள். தவறாமல் போய்ப் பாருங்கள். பெற்றோர் வந்து போவது குழு கவனிக்கும் விஷயம். உத்தரவில் உடன்பாடு இல்லையென்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் உதவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றிக் கிடைக்கும். அதற்கான எண் 15100.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. விசாரணையில் இருக்கும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாதீர்கள். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றம் அது. நம் மார்க்கத்தில் அது புறம்பேசுதல். பிறர் குறையை மறைக்கும் பண்புக்கு எதிரானது.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

மஹல்லாக் கூட்டத்திலும் பெண்கள் வகுப்பிலும் இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்:

ஒன்று, நம் தெருவில் பள்ளி நேரத்தில் கடையில் நிற்கும் பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு ஜமாஅத்திலிருந்து கடைசியாகப் போனவர் யார்?

இரண்டு, பிள்ளை தன் துன்பத்தைச் சொல்ல வந்தால், அதட்டாமல் கேட்கும் ஒருவராவது நம் வீட்டில் இருக்கிறாரா?

மூன்று, நம் பைத்துல்மாலில் பிள்ளைகளின் கல்விக்கென ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறோமா?

நான்கு, நம் பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் 1098 என்ற எண் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?

நம் நபி (ஸல்) அவர்களே யதீமாக வளர்ந்தவர்கள்; பாட்டனாரும் பெரிய தந்தையும் ஆதரித்து வளர்த்தவர்கள். குடும்பம் தாங்கும், குடும்பத்தால் முடியாதபோது உறவும் ஊரும் தாங்கும் என்பது நமக்குப் புதிதல்ல. சமூகப் பணியாளர் தேடி வருவதும் அந்தத் தாங்கும் கைகளைத்தான். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, அந்தக் கைகளாக நாமே நிற்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.